அத்தியாயம் 7: யார் கண்ணுக்கு எந்த வரிசை?

ஒரே விற்பனை அறிக்கையை ஐம்பது பேர் திறக்கிறார்கள். மதுரை ஏ.எஸ்.எம். (ஏரியா சேல்ஸ் மேனேஜர்) திறந்தால் மதுரைக் கணக்கு மட்டும் தெரிய வேண்டும், கோவைக்காரர் திறந்தால் கோவை மட்டும், விற்பனைத் தலைவர் திறந்தால் எல்லாம். இதற்காக ஐம்பது கோப்பு தயாரிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. மாதம் பிறந்தால் எம்.ஐ.எஸ். பிரிவில் ஒருவர் எக்செலை மண்டலவாரியாக வெட்டி, ஒட்டி, மெயில் அனுப்பிக்கொண்டே இருப்பார். தப்பான கோப்பு தப்பான ஆளுக்குப் போய்ச் சேருவதும் அங்கேதான். ஆர்.எல்.எஸ். எனப்படும் ரோ லெவல் செக்யூரிட்டி இருந்தால் இந்த வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். தரவு ஒன்று, அறிக்கை ஒன்று. திறப்பவர் யாரென்று பார்த்து, அவருக்கு உரிய வரிசைகளை மட்டும் மாடலே எடுத்துக் கொடுக்கும்.

இந்த அத்தியாயம் மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ.யை வைத்துப் போகிறது. அதில் விதி எழுதுவது அரைமணி நேர வேலை. யார் எதைப் பார்க்கலாம் என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறது, மாற்றல் வந்தால் அதை யார் திருத்துகிறார்கள் என்பதில்தான் பெரும்பாலான ஏற்பாடுகள் கவிழ்கின்றன. அதனால் விதியைவிடப் பட்டியலுக்கே இங்கே அதிக இடம். சூத்திரங்களில் வரும் செயற்கூறுகளை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுங்கள். அட்டவணைப் பெயரும் நெடுவரிசைப் பெயரும் தமிழிலேயே இருக்கலாம், பவர் பி.ஐ. ஏற்றுக்கொள்ளும்; சூத்திரத்தில் தட்டச்சு செய்யும்போது தமிழ் அட்டவணைப் பெயரை மட்டும் 'அனுமதி' என்பதுபோல் ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

மறைப்பது வேறு, தடுப்பது வேறு

எதெல்லாம் பாதுகாப்பு இல்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒரு பக்கத்தை ஹைட் செய்து வைப்பது பாதுகாப்பு இல்லை. ஸ்லைசரில் மதுரையைத் தேர்ந்தெடுத்து, அந்த ஸ்லைசரையே கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதும் இல்லை. ஃபில்டர் பேனில் பூட்டுப் போடுவதும் அப்படித்தான். இவை அந்த அறிக்கையின் தோற்றத்தை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன, அடியில் இருக்கும் மாடலைத் தொடுவதில்லை. பில்ட் உரிமை உள்ள ஒருவர் அதே மாடலை 'அனலைஸ் இன் எக்செல்' வழியாகத் திறந்து ஒரு பிவட் போட்டால் எல்லா மண்டலமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆர்.எல்.எஸ். மாடலுக்குள்ளேயே இருப்பதால், அறிக்கை வழியாகக் கேட்டாலும் பிவட் வழியாகக் கேட்டாலும் அதே விதிதான் பேசும்.

விதிக்கு முன்னால் பட்டியல்

ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்கிறது. சென்னை, கோவை, மதுரை, நெல்லை என்று நான்கு மண்டலம், மண்டலத்துக்கு ஒரு ஏ.எஸ்.எம். சென்னையும் கோவையும் ஒரு ஆர்.எஸ்.எம். (ரீஜனல் சேல்ஸ் மேனேஜர்) பொறுப்பில், மதுரையும் நெல்லையும் இன்னொருவர் பொறுப்பில். மேலே விற்பனைத் தலைவர். மாடலின் நடுவில் விற்பனை அட்டவணை, அதைச் சுற்றி ஸ்டாக்கிஸ்ட், மண்டலம், பொருள், நாள் ஆகிய அட்டவணைகள். ஒவ்வொரு பில்லிலும் ஸ்டாக்கிஸ்டின் குறி இருக்கும், ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டுக்கும் மண்டலக்குறி இருக்கும். ஆகவே மண்டலம் அட்டவணையில் ஒரு வரிசையை மறைத்தால் அந்த மண்டலத்து ஸ்டாக்கிஸ்டுகள் மறைவார்கள், அவர்கள் பில்களும் கூடவே மறையும். வடிகட்டி ஒன்றிலிருந்து பலவற்றை நோக்கி ஓடுகிறது என்ற இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கணினி முன்னால் உட்காருவதற்கு முன் விற்பனைத் தலைவர் முன்னால் போய் உட்காருங்கள். கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

ஒரு ஏ.எஸ்.எம். நீண்ட விடுப்பில் போனால் பக்கத்து மண்டலக்காரர் அவர் கணக்கையும் பார்ப்பாரா? பார்ப்பார் என்றால் ஒருவருக்கு இரண்டு மண்டலம் கொடுக்கும் வசதி முதல் நாளே வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் மதுரைக்கும் கோவைக்கும் சரக்கு போடுகிறார் என்றால் அவர் பில் யார் கணக்கில் ஏறும்? இரண்டு பேருமே "என்னுடையது" என்பார்கள். அந்தப் பஞ்சாயத்தை ஆர்.எல்.எஸ். தீர்த்து வைக்காது. தலைமை அலுவலகத்துக் கணக்குப் பிரிவுக்கு எல்லாம் தெரிய வேண்டுமா? ஆடிட்டருக்கு?

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது மாற்றல். ஏப்ரலில் மதுரை ஏ.எஸ்.எம். நெல்லைக்குப் போகிறார். போன நிதியாண்டின் மதுரை விற்பனையை அவர் இனியும் பார்க்கலாமா? "புது ஆள் வந்தாச்சு, பழைய ஆளுக்கு எதற்கு?" என்பார் மனிதவள அலுவலர். "மார்ச் வரைக்கும் என் இன்சென்டிவ் மதுரைக் கணக்கிலதானே சார் வருது, நான் எதை வைத்துச் சரிபார்ப்பேன்?" என்பார் ஏ.எஸ்.எம். இரண்டுமே நியாயம். இதை விதிக்குள் தீர்க்கப் போனால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று அனுமதிக்கு ஆயுள் குறித்து, ஒவ்வொரு பில் தேதியையும் அதோடு ஒப்பிட வேண்டிவரும். நான்கே வரிசை உள்ள மண்டலம் அட்டவணையில் முடிந்திருக்க வேண்டிய வடிகட்டல், லட்சக்கணக்கான வரிசை உள்ள விற்பனை அட்டவணைக்கு இறங்கிவிடும். அப்புறம் அறிக்கை நகராது. இன்சென்டிவ் கணக்குக்கென்று ஒரு சின்ன மாடலைத் தனியாகச் செய்துவிடுங்கள் என்பது என் பரிந்துரை. அதில் ஒவ்வொரு வரிசையும் ஊழியர் எண்ணின் கீழ் வரட்டும், மண்டலத்தின் கீழ் வேண்டாம். எங்கே மாற்றிப் போட்டாலும் அவரவர் சம்பாதித்தது அவரவருக்குத் தெரியும். விற்பனை அறிக்கையில் இன்று யார் பொறுப்போ அவருக்கு முழு வரலாறும் தெரியட்டும்.

இந்தப் பதில்களையெல்லாம் வாய்வார்த்தையாக விடாமல் ஒரு அட்டவணையில் இறக்குங்கள். பெயர் அனுமதி. இரண்டே நெடுவரிசை போதும்: மின்னஞ்சல், மண்டலக்குறி. மதுரை ஏ.எஸ்.எம்.முக்கு ஒரு வரிசை, குறி 03. நெல்லைக்காரருக்கு ஒரு வரிசை, குறி 04. தெற்கு ஆர்.எஸ்.எம்.முக்கு இரண்டு வரிசை, ஒன்றில் 03, இன்னொன்றில் 04. ஒரே செல்லில் காற்புள்ளி போட்டு "03, 04" என்று எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மின்னஞ்சல் என்று தலைப்பு போட்டாலும் அதில் இருக்க வேண்டியது உள்நுழையும் பெயர், அதாவது யூசர் பிரின்சிபல் நேம். பல நிறுவனங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கும். சில இடங்களில் விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி ஒன்று, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும் பெயர் வேறொன்று. கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், நிறுவனம் டொமைனை மாற்றியபோது பழைய கணக்கிலேயே தங்கிவிட்டவர்கள் எல்லாம் இந்த வகையில் வருவார்கள். ஐ.டி. பிரிவிடம் என்ட்ரா ஐ.டி. (மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் பதிவேடு) பட்டியலைக் கேட்டு வாங்கி அதிலிருந்து ஒட்டுங்கள். யாரிடமும் "உங்க மெயில் ஐ.டி. என்ன சார்?" என்று கேட்டு எழுதாதீர்கள்.

பட்டியலை யார் வைத்திருப்பது? ஐ.டி. பிரிவு வேண்டாம். மாற்றல் உத்தரவு முதலில் யார் மேசைக்கு வருகிறதோ அவர், பெரும்பாலும் சேல்ஸ் அட்மின். எங்கே வைப்பது? ஷேர்பாயின்ட் லிஸ்ட் நல்ல இடம். வெர்ஷன் ஹிஸ்டரியை இயக்கி வைத்தால் யார், எப்போது, எந்த வரிசையை மாற்றினார் என்ற தடம் நிற்கும். ஒருவர் லேப்டாப்பில் கிடக்கும் எக்செல் கோப்பு கூடாது. பவர் பி.ஐ. கோப்புக்குள்ளேயே கையால் அடித்த அட்டவணை அதைவிட மோசம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாடலைத் திறந்து மறுபடி வெளியிட வேண்டியிருக்கும்.

தரவை மாடலுக்குள் நகலெடுத்து வைக்கும் இம்போர்ட் முறையில் இயங்கும் மாடலில், பட்டியலைத் திருத்தினால் அடுத்த ரிஃப்ரெஷ் முடிந்த பிறகுதான் அது செல்லும். ப்ரோ உரிமத்தில் நாளொன்றுக்கு 8 முறைதான் ரிஃப்ரெஷுக்கு நேரம் குறித்து வைக்க முடியும். காலையில் ஒருவரைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, அவர் கண்ணிலிருந்து தரவும் உடனே போக வேண்டும் என்றால் கையால் ஒரு ரிஃப்ரெஷ் தட்டிவிட வேண்டும். இதை சேல்ஸ் அட்மினுக்குச் சொல்லி வையுங்கள்.

விதி

பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பில் மாடலிங் தாவலில் 'மேனேஜ் ரோல்ஸ்' என்று இருக்கும். அதில் ஒரு ரோலை உருவாக்கி, எந்த அட்டவணைக்கு வேண்டுமோ அதற்கு ஒரு நிபந்தனை எழுத வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் அந்த நிபந்தனை உண்மையா பொய்யா என்று பார்க்கப்படும். உண்மை என்று வந்த வரிசைகள் மட்டும் தெரியும்.

எளிய வழி, மதுரை என்று ஒரு ரோல் வைத்து மண்டலம் அட்டவணையில் இப்படி எழுதுவது:

[மண்டலக்குறி] = "03"

இதை நிலையான ரோல் என்பார்கள். நான்கு மண்டலத்துக்கு நான்கு ரோல். மண்டலங்கள் அடிக்கடி மாறாத இடத்தில், மண்டலவாரியான செக்யூரிட்டி குழுக்களை ஐ.டி. பிரிவு ஒழுங்காகப் பராமரிக்கும் இடத்தில் இதை மட்டம் தட்ட மாட்டேன். ஆளைக் குழுவில் சேர்த்தால், நீக்கினால் போதும். மாடலை ரிஃப்ரெஷ் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்பது டெரிட்டரி என்று ஆகும்போதுதான் இது தாங்காது.

நம் நிறுவனத்துக்கு ஒரே ரோல், அனுமதிப் பட்டியலைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் ரோல். பெயர் களப்பணி. மண்டலம் அட்டவணைக்கு எழுத வேண்டியது:

[மண்டலக்குறி] =
லுக்அப்வேல்யூ(
அனுமதி[மண்டலக்குறி],
அனுமதி[மின்னஞ்சல்], யூசர்பிரின்சிபல்நேம்(),
அனுமதி[மண்டலக்குறி], மண்டலம்[மண்டலக்குறி]
)

மண்டலம் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் நின்று, "உள்ளே வந்திருப்பவர் பெயரும் இந்த மண்டலத்தின் குறியும் சேர்ந்து அனுமதிப் பட்டியலில் ஒரு வரிசை இருக்கிறதா?" என்று அது கேட்கிறது. இருந்தால் அதே குறி திரும்பி வரும், நிபந்தனை உண்மையாகும். இல்லாவிட்டால் வெற்று மதிப்பு வரும், வரிசை மறையும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆர்.எஸ்.எம்.முக்கு 03, 04 என்று இரண்டு வெவ்வேறு பதில் வந்து லுக்அப்வேல்யூ பிழை காட்டி நின்றுவிடும். குறியையும் சேர்த்துத் தேடச் சொல்வதால் அந்தத் தொல்லை இல்லை.

அனுமதி அட்டவணையை வேறெதோடும் தொடர்புபடுத்தாமல் தனியாக விடுங்கள். அதே களப்பணி ரோலில் அதற்கும் ஒரு நிபந்தனை போடுங்கள்:

ஃபால்ஸ்()

இதனால் யார் யாருக்கு என்னென்ன அனுமதி என்ற பட்டியலையே பயனர்கள் பார்க்க முடியாது. மண்டலம் அட்டவணையின் விதிக்குள் நடக்கும் தேடலை இது பாதிக்காது.

ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் சூத்திர மொழியில் வெற்று மதிப்பும் வெற்று மதிப்பும் சமம் என்றே கொள்ளப்படும். மண்டலம் அட்டவணையில் குறி காலியாக ஒரு வரிசை இருந்து, தேடலும் வெறுங்கையோடு திரும்பினால் நிபந்தனை உண்மையாகிவிடும். அந்த வரிசையின் கீழ் தொங்கும் பில்லெல்லாம் எல்லோருக்கும் தெரியும். குறி காலியாக ஒரு வரிசைகூட இருக்கக் கூடாது. மண்டலம் ஒதுக்காத ஸ்டாக்கிஸ்டுகளுக்கு 99 என்று ஒரு குறி கொடுத்து, அதை சேல்ஸ் அட்மினுக்கு மட்டும் அனுமதியுங்கள். ஒதுக்க மறந்தவை அங்கே வந்து சேரும், கண்ணிலும் படும்.

யூசர்நேம் என்று இன்னொரு செயற்கூறும் உண்டு. டெஸ்க்டாப்பில் அது டொமைனும் பயனர் பெயருமாக ஒன்றைத் தரும், வெளியிட்ட பிறகு உள்நுழையும் முகவரியைத் தரும். யூசர்பிரின்சிபல்நேம் இரண்டு இடத்திலும் முகவரியையே தருகிறது. அதையே பயன்படுத்துங்கள்.

தொடர்புக் கோட்டை இருபுறமும் ஓடவிட்டு, 'அப்ளை செக்யூரிட்டி ஃபில்டர் இன் போத் டைரக்‌ஷன்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்து, அனுமதி அட்டவணையில் மட்டும் விதி எழுதும் முறையும் நடைமுறையில் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் அந்த டிக் இல்லாமல் கோட்டை மட்டும் இருபுறமாக்கினால் பாதுகாப்பு வடிகட்டி ஒருபுறம்தான் ஓடும். விதி இருந்தும் எல்லாமே தெரியும். எழுதியவர் மணிக்கணக்கில் முழித்துக்கொண்டிருப்பார். பெரிய மாடலில் வேகமும் குறையலாம். மேலே சொன்ன முறை சின்னது, படித்தாலே புரிவது.

விற்பனைத் தலைவருக்கும் கணக்குப் பிரிவுக்கும் என்ன செய்வது? நிபந்தனையே இல்லாத ஒரு ரோல், பெயர் அனைத்தும். அதில் நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒருவர் இரண்டு ரோலில் இருந்தால் இரண்டின் வரிசைகளும் கூட்டப்படும், கழிக்கப்படாது. களப்பணியிலும் அனைத்திலும் இருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

மேலாளர் ஏணி

மண்டலத்தை விட்டு ஆட்களை வைத்தே போகும் நிறுவனங்கள் உண்டு. ஸ்டாக்கிஸ்டுக்கு ஒரு சேல்ஸ் ஆஃபீசர், அவருக்கு மேல் ஏ.எஸ்.எம்., அவருக்கு மேல் ஆர்.எஸ்.எம். தனக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கெல்லாம் தனக்குத் தெரிய வேண்டும். இதற்கு ஊழியர் அட்டவணையில் தடம் என்று ஒரு கணக்கிட்ட நெடுவரிசை:

தடம் = பாத்(ஊழியர்[ஊழியர்எண்], ஊழியர்[மேலாளர்எண்])

தலைவர் 100, ஆர்.எஸ்.எம். 210, ஏ.எஸ்.எம். 214 என்றால் ஏ.எஸ்.எம். வரிசையில் 100|210|214 என்று விழும். பிறகு ஊழியர் அட்டவணைக்கு விதி:

பாத்கன்டெய்ன்ஸ்(
[தடம்],
லுக்அப்வேல்யூ(ஊழியர்[ஊழியர்எண்], ஊழியர்[மின்னஞ்சல்], யூசர்பிரின்சிபல்நேம்())
)

உள்ளே வந்தவரின் எண் யார் யார் தடத்தில் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிவார்கள். அழகான ஏற்பாடுதான். ஆனால் மனிதவளப் பிரிவு ஊழியர் பட்டியலைச் சுத்தமாக வைத்திருப்பதை நம்பி நிற்கிறது. ஆர்.எஸ்.எம். ராஜினாமா செய்ததும் அவர் வரிசையை நீக்கிவிட்டு, கீழே உள்ளவர்களின் மேலாளர்எண் 210 என்றே விட்டுவிட்டால், பாத் அந்த எண்ணைத் தேடிக் காணாமல் பிழை காட்டும். விலகியவர் வரிசையை நீக்க வேண்டாம். கீழே இருப்பவர்களுக்குப் புது மேலாளர் எண் போட்டு, விலகியவரின் மின்னஞ்சலை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் முதலிடம்

விதி வேலை செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில் வரும் புகார் இது. "நிறுவன விற்பனையில் என் பங்கு" என்ற அட்டையில் மதுரைக்காரருக்கு 100 சதவீதம். கோவைக்காரருக்கும் 100. தரவரிசை அட்டையில் நான்கு பேருமே முதலிடம். மகிழ்ச்சியான நிறுவனம்!

காரணம் எளிது. மெஷரில் ஆல் என்று எழுதி வடிகட்டிகளை நீக்கினாலும் அது ஆர்.எல்.எஸ்.ஸை நீக்காது. நீக்கினால் பாதுகாப்புக்கே அர்த்தம் இல்லை. மதுரை ஏ.எஸ்.எம்.மைப் பொறுத்தவரை உலகத்தில் மதுரை மட்டும்தான் இருக்கிறது. தரவரிசை போடும் ரேங்க்எக்ஸ் ஒரே ஆளை வைத்து ஓட்டப் பந்தயம் நடத்துகிறது.

கணக்கிட்ட அட்டவணைகளும் நெடுவரிசைகளும் ரிஃப்ரெஷ் நேரத்திலேயே முழுத் தரவையும் வைத்துக் கணக்கிடப்படுகின்றன. அப்போது பயனர் என்று யாரும் இல்லை, ஆர்.எல்.எஸ்.ஸும் இல்லை. ஆக மாதமும் அந்த மாதத்து நிறுவன மொத்தமும் மட்டும் கொண்ட ஒரு சுருக்க அட்டவணையைக் கணக்கிட்ட அட்டவணையாகச் செய்து, மண்டலத்தோடு இணைக்காமல் நாள் பக்கம் மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். வகுக்கும் எண்ணை அதிலிருந்து எடுங்கள். மார்ச்சில் சென்னை 42 லட்சம், கோவை 31, மதுரை 27, நெல்லை 18, மொத்தம் 118 என்றால் மதுரைக்கு 22.9 சதவீதம் என்று சரியாக வரும்.

அந்தச் சுருக்க அட்டவணையில் எதை விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மொத்தம் தெரிந்தால் தன் கணக்கைக் கழித்து மிச்சத்தை யாரும் போட்டுப் பார்ப்பார்கள். நான்கு மண்டலத்துக்கு அதனால் பெரிய கேடில்லை. பொருள்வாரியாக மொத்தம் கொடுத்து, கருவாட்டு ஊறுகாய் மதுரையிலும் நெல்லையிலும் மட்டுமே விற்கிறது என்றால் ஒருவர் கணக்கு மற்றவருக்கு அப்படியே தெரிந்துவிடும். மாத மொத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெளியிட்ட பிறகு

டெஸ்க்டாப்பில் ரோலுக்கு விதி மட்டும்தான் எழுதினோம், ஆட்களைச் சேர்க்கவில்லை. வெளியிட்ட பிறகு பவர் பி.ஐ. இணையதளத்தில் அந்த செமான்டிக் மாடலின் மூன்று புள்ளி மெனுவில் 'செக்யூரிட்டி' என்பதைத் திறந்து, களப்பணி ரோலில் ஆட்களையோ குழுவையோ சேர்க்க வேண்டும். குழுவே நல்லது. செக்யூரிட்டி குழு, மின்னஞ்சல் பட்டியல் குழு இரண்டும் ஏற்கும். டீம்ஸில் ஒரு டீம் தொடங்கும்போது உருவாகும் மைக்ரோசாஃப்ட் 365 குழுவை ஏற்காது.

இனி வருவது இந்த அத்தியாயத்திலேயே அதிகம் மீறப்படும் பகுதி. ஆர்.எல்.எஸ். கட்டுப்படுத்துவது வொர்க்ஸ்பேஸில் வியூவராக இருப்பவர்களையும் ஆப் வழியாகவோ பகிர்வு வழியாகவோ பார்ப்பவர்களையும் மட்டுமே. அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூவருக்கும் அது பொருந்தாது. மாடலையே திருத்தும் உரிமை உள்ளவருக்கு வரிசையை மறைத்து என்ன பயன்? "ரிப்போர்ட் ஓப்பன் ஆகல" என்று ஒரு ஏ.எஸ்.எம். போன் செய்ய, அவசரத்துக்கு யாரோ அவரை கான்ட்ரிபியூட்டராகச் சேர்த்துவிடுவார். ரிப்போர்ட் திறந்துவிடும், நான்கு மண்டலமும் சேர்ந்தே திறக்கும். அவர் புகார் சொல்லப் போவதில்லை. அதனால் களத்தில் உள்ளவர்களை வொர்க்ஸ்பேஸுக்குள்ளேயே விடாதீர்கள். அறிக்கையை ஆப்பாக வெளியிட்டு அந்த வழியாக மட்டும் கொடுங்கள். மாதம் ஒருமுறை வொர்க்ஸ்பேஸின் ஆட்பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இன்னும் சில ஓட்டைகள். இம்போர்ட் முறையில் செய்த பி.பி.ஐ.எக்ஸ். கோப்புக்குள் முழுத் தரவும் இருக்கிறது. அதை டெஸ்க்டாப்பில் திறப்பவருக்கு எந்த விதியும் தடையில்லை, மெயிலில் இணைத்து அனுப்பாதீர்கள். அறிக்கையை மின்னஞ்சல் சந்தாவாகப் போட்டு மற்றவர்களையும் அதில் சேர்த்தால், வழக்கமான சந்தாவில் போட்டவருக்குத் தெரியும் தரவே எல்லோருக்கும் போகும். விற்பனைத் தலைவர் போட்ட சந்தா நான்கு மண்டலத்தையும் ஏந்திக்கொண்டு போகும். சந்தாவை அவரவரே போட்டுக்கொள்ளட்டும். எக்செலுக்கு ஏற்றுமதி செய்தால் அவரவர் வரிசை மட்டும் இறங்கும். இறங்கிய கோப்பு எங்கே போகிறது என்பதை மாடல் பார்த்துக்கொண்டிருக்காது. அறிக்கையில் கடைக்காரர் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தால் இது இன்னும் கனமான விஷயம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் வைத்திருக்கிறது. விற்பனை அறிக்கைக்குக் கைபேசி எண் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரியாது.

சோதனை

டெஸ்க்டாப்பில் மாடலிங் தாவலிலேயே 'வியூ ஆஸ்' இருக்கிறது. அதில் 'அதர் யூசர்' என்பதை டிக் செய்து முகவரி கொடுப்பதோடு நிற்காமல் களப்பணி ரோலையும் டிக் செய்ய வேண்டும். முகவரி மட்டும் கொடுத்தால் எந்த விதியும் ஓடாது, எல்லாம் தெரியும். இணையதளத்தில் 'டெஸ்ட் ஆஸ் ரோல்' அதே வேலையைச் செய்யும்.

யாரை வைத்துச் சோதிப்பது என்பதில்தான் விஷயம். ஒரு மண்டலக்காரர், இரண்டு மண்டலக்காரர், பட்டியலில் பெயரே இல்லாதவர், போன மாதம் மாற்றலானவர், இந்த நான்கு வகையும் வேண்டும். வர வேண்டிய தொகையைச் சோதனைக்கு முன்பே கணக்குப் பிரிவிடமிருந்து எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்கு 27, தெற்கு ஆர்.எஸ்.எம்.முக்கு 45, பெயர் இல்லாதவருக்குக் காலி. திரையைப் பார்த்த பிறகு "சரியாத்தான் இருக்கு" என்று தோன்றுவது சோதனை ஆகாது. அறிக்கையின் ஒரு மூலையில் யூசர்பிரின்சிபல்நேம் என்ன தருகிறது என்று காட்டும் ஒரு அட்டையையும் வையுங்கள். அழகு கெடும் என்றால் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். அது போகப் போகக் கைகொடுக்கும்.

நெடுவரிசையும் மூலத் தரவும்

ஆர்.எல்.எஸ். வரிசையைத்தான் மறைக்கும். அடக்கவிலை, மார்ஜின் போன்ற நெடுவரிசையை ஏ.எஸ்.எம்.மிடம் மறைக்க வேண்டும் என்றால் அது ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி. டேபுலர் எடிட்டர் போன்ற வெளிக்கருவி கொண்டு அமைக்கலாம். வரிசை விதி ஒரு ரோலிலும் நெடுவரிசை விதி இன்னொரு ரோலிலும் இருந்து ஒருவர் இரண்டிலும் இருந்தால் பிழைதான் வரும். இரண்டையும் ஒரே ரோலில் வையுங்கள். அடக்கவிலை தேவைப்படுபவர்கள் மூன்று பேர்தான் என்றால் அதை இந்த மாடலுக்குள்ளேயே கொண்டுவராமல் அவர்களுக்கு வேறு மாடல் செய்வது இன்னும் நிம்மதி.

"எங்க டேட்டாபேஸிலேயே ஆர்.எல்.எஸ். இருக்கு, இங்கே எதற்கு இன்னொன்று?" என்று கேட்பவர் உண்டு. தரவுத்தளங்களில் அது புதிதில்லை. ஆரக்கிள் 1999-இல் 8ஐ பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. எஸ்.க்யூ.எல். சர்வருக்கு 2016 பதிப்பிலும் போஸ்ட்கிரெஸுக்கு 2016 ஜனவரியில் வெளியான 9.5-இலும் வந்தது. ஆனால் இம்போர்ட் முறையில் தரவுத்தளத்துக்குள் நுழைவது ஒரே கணக்குதான், ரிஃப்ரெஷுக்காக வைத்த கணக்கு. அந்தக் கணக்குக்குத் தெரிவதெல்லாம் மாடலுக்குள் வந்துவிடும், பார்ப்பவர் யாரென்று தரவுத்தளத்துக்குத் தெரியவே தெரியாது. தரவை நகலெடுக்காமல் ஒவ்வொரு முறையும் மூலத்தையே கேட்கும் டைரக்ட்குவெரி முறையில், ஒற்றை உள்நுழைவை இயக்கிப் பயனரின் அடையாளத்தையே மூலம்வரை கொண்டுபோனால் மட்டும் அங்குள்ள விதி பேசும். போஸ்ட்கிரெஸில் இன்னொன்றும் உண்டு. அட்டவணையின் உரிமையாளருக்கு அந்த விதி இயல்பாகப் பொருந்தாது, தனியாகக் கட்டாயப்படுத்த வேண்டும். உரிமையாளர் கணக்கிலேயே இணைத்து வைத்துவிட்டு விதி வேலை செய்யவில்லை என்று தேடுவது அங்கே வழக்கமான கதை.

"என் டேட்டா வரலை சார்"

இந்த அழைப்பு வந்தால் திரையில் என்ன தெரிகிறது என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பொறுத்து இடம் மாறும்.

எல்லாப் படத்திலும் பிழைச்செய்தி என்றால் அவர் எந்த ரோலிலும் இல்லை. செக்யூரிட்டி பக்கத்தில் உள்ள குழுவில் அவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பிழை எதுவும் இல்லை, படங்கள் மட்டும் காலி என்றால் ரோலில் இருக்கிறார், அனுமதிப் பட்டியலில் இல்லை. அல்லது பட்டியலில் உள்ள முகவரி வேறு. கடைசிப் பக்கத்து அட்டையில் என்ன முகவரி தெரிகிறது என்று எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்திருக்கும், அல்லது பழைய டொமைன் இருக்கும். முகவரியும் சரி, இன்று காலைதான் சேர்த்தார்கள் என்றால் ரிஃப்ரெஷ் ஓடியதா என்று பாருங்கள். தன் மண்டலத்திலேயே இரண்டு மூன்று ஸ்டாக்கிஸ்ட் மட்டும் விடுபட்டால் அனுமதியைக் கிளறாதீர்கள், அவர்கள் 99-இல் உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்து மண்டலமும் தெரிகிறது என்று ஒருவர் தானே சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வொர்க்ஸ்பேஸ் ஆட்பட்டியலைத் திறங்கள். அங்கே அவர் இல்லை என்றால் அனைத்தும் ரோலில் உள்ள குழுவின் உள்ளே இன்னொரு குழு இருக்கிறதா என்று பாருங்கள்.